மருத்துவப் பெட்டியும் சந்தனப் பொட்டும்

பழைய சாமான்களைச் சேர்த்து வைப்பது என்பது நம் நாட்டில் இரண்டு விதமாக நடந்து வருகின்றது. பணமுள்ளவன் தன் வீட்டுக் கூடத்தில் அழகுக்காக வாங்கி வைக்கின்றான். பணமில்லாதவன் தன் வீட்டு மூலையில் வைத்துச் சந்தனம் குங்குமம் தடவுகின்றான். இருவருக்கும் அந்தச் சாமான் எதற்காகச் செய்யப்பட்டது, யார் கையில் இருந்தது, அதனால் பிழைத்தவர் யார், செத்தவர் யார் என்கின்ற கேள்வி மாத்திரம் வருவதே இல்லை. அந்தக் கேள்வி நமக்கு வந்ததால்தான் இதை எழுத நேர்ந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடிக்கு வடக்கே கடற்கரையில் கட்டுமாவடி என்று ஓர் ஊர் இருக்கின்றது. மீன் வியாபாரத்திற்குப் பேர்போன ஊர். அவ்வூர்த் தோழர்கள் அழைத்ததன் பேரில் நாம் அங்குச் சென்றிருந்தபொழுது, ஒரு தோழர் நம்மைத் தம் வீட்டிற்கு அழைத்துப் போய், "அய்யா, இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்" என்று ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மலேயாவில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவராம். அங்கே கழித்துப் போட்ட பெட்டியை அவர் ஊருக்குத் திரும்பும்பொழுது கையோடு கொண்டு வந்திருக்கின்றார். செந்நிறத் தேக்கு போன்ற மகாகனி மரம். மூலைக்கு மூலை பித்தளைத் தகடு. உள்ளே நீல வெல்வெட்டுத் துணி. அதில் கருவிக்குக் கருவி அளவெடுத்து வெட்டிய பள்ளங்கள். ஒரு நீண்ட கத்தி, ஒரு குட்டைக் கத்தி, ஒரு ரம்பம், எலும்பைத் துண்டிக்கும் இடுக்கி, மண்டையோட்டில் துளை போடும் வட்ட ரம்பம், திருகாணி வைத்த பித்தளைக் கட்டு ஒன்று. இரண்டு பள்ளங்கள் காலியாய் இருந்தன. மூடியின் மேலோ, வருஷா வருஷம் ஆயுதபூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒரு விரல் கனத்திற்கு ஏறியிருந்தது.

இந்த ரம்பம் எதற்கென்று வீட்டில் யாராவது கேட்டதுண்டா என்றோம். "தாத்தா ஆயுதம், தொடக்கூடாது என்பார்கள்" என்றார். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்கின்றார் என்றும், வீட்டில் பெரியவர்கள் பூசைச் சாமானை விற்கக்கூடாது என்கின்றார்கள் என்றும், தாம் என்ன செய்வதென்றும் கேட்டார். அவருக்கு அங்கே சொன்னதை விரிவாக இங்கே எழுதுகின்றோம். ஏனென்றால் இம்மாதிரிப் பெட்டிகள் கடலோரத்து ஊர்களிலும், ரங்கூன், பினாங்கு, கொழும்பு போய் வந்தவர்கள் வீடுகளிலும் இன்னும் அனேகம் இருக்கக்கூடும்.

முதலில் அந்த ரம்பத்தைப் பற்றிச் சொல்லுவோம். அது கையோ காலோ வெட்டுகின்ற ரம்பம். கத்தி ஏன் அவ்வளவு நீளம் என்றால், தொடையைச் சுற்றி ஒரே வீச்சில் சதையை அறுக்க வேண்டும் என்பதற்காக. ஏன் ஒரே வீச்சு? மயக்க மருந்து கிடையாது. 1846-ம் வருஷம் அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை நோவு தெரியாமல் படுக்க வைக்கும் வரையில், உலகத்தில் கால் அறுபட்டவன் எல்லாம் கண் விழித்துக்கொண்டே அறுபட்டான். நாலு பேர் பிடித்துக்கொள்ளுவார்கள். லண்டனில் லிஸ்டன் என்ற பேர்பெற்ற ரண வைத்தியர் இரண்டு மூன்று நிமிஷத்தில் காலை எடுத்துவிடுவார் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அவர் பெருமை அவருடைய கடிகாரத்தில் இருந்தது. அந்தத் திருகாணிக் கட்டு, 1718-ல் பாரிஸில் பெத்தி என்பவர் கண்டுபிடித்த வகையைச் சேர்ந்தது. ரத்தம் பீறிட்டுப் போகாமல் தொடையை இறுக்குவதற்கு. இத்தனையும் மனிதன் கஷ்டத்தைக் கண்டு மனிதன் யோசித்துச் செய்த சாமான்கள். இதிலே பூசைக்கு என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தப் பெட்டியைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏன் கழித்துப் போட்டார்கள் என்பதுதான் முக்கியமான விஷயம். பெட்டி உடையவில்லை, கத்தி மழுங்கவில்லை. அப்படியிருந்தும் கழித்தார்கள். காரணம் அந்த வெல்வெட்டும், கருங்காலி மரத்தால் ஆன கைப்பிடியுமே ஆகும்.

கிளாஸ்கோ நகரத்து லிஸ்டர் என்பவர், புண் அழுகுவது விதியாலும் அல்ல, காற்றின் கெடுதியாலும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் என்று கண்டு, 1867-ல் கார்பாலிக் திராவகத்தைக் கொண்டு புண்ணைச் சுத்தம் செய்யும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு கருவிகளைக் கொதிக்க வைப்பது, நீராவியில் வைப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. கருங்காலிப் பிடியையும் தந்தப் பிடியையும் கொதிக்க வைத்தால் வெடித்துப் போகும். பிடி வழுக்காமல் இருப்பதற்காக அதில் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கிய கோடுகளுக்குள் பழைய ரத்தம் தங்கும். வெல்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நோயாளியின் சீழை அடுத்த நோயாளிக்குப் பத்திரமாய் எடுத்துப் போய்ச் சேர்ப்பதற்கு அதைவிடச் சிறந்த மெத்தை கிடையாது. ஆகவே 1890-ம் வருஷங்களுக்குள் மேல்நாட்டில் கருவி செய்கிறவர்கள் பிடி முதல் நுனி வரை ஒரே உலோகமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். அழகான மரப்பெட்டி போய்த் தகரத் தட்டு வந்தது.

இதைக் கவனிக்க வேண்டுகின்றோம். லண்டனில் வைஸ் கம்பெனி 1787-ல் ஏற்பட்டது. பாரிஸில் ஷாரியேர் என்பவர் பேர்பெற்ற கருவித் தொழிலாளி. இவர்கள் நூறு வருஷமாக மெருகேற்றிய வேலைப்பாடு அது. "எங்கள் முன்னோர் செய்த பெட்டி, இதைப் பழிக்கலாமா, வெல்வெட்டில் உள்ள தத்துவார்த்தம் உனக்குத் தெரியுமா" என்று அங்கே ஒருவரும் புராணம் படிக்கவில்லை. ஆளைக் கொல்லுகின்றது என்று தெரிந்தவுடன் தூக்கி எறிந்துவிட்டார்கள். தோட்டத்துத் துரையின் ஆஸ்பத்திரி எறிந்ததை நம்மவர் எடுத்துக்கொண்டு வந்து அதற்குத் தேங்காய் உடைக்கின்றோம்! இதில் அந்தப் பாட்டனார் மேல் நமக்குக் குறை ஒன்றுமில்லை. அவர் ஒருக்கால் அறிவுக்காகக் கொண்டு வந்திருப்பார். பின்னால் வந்தவர்கள்தான் அறிவை விட்டுவிட்டு ஆயுதத்தை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கூட ஆயுதபூசை நாளில் பல ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் யந்திரத்திற்குப் பொட்டு வைத்து மாலை போடுகின்றதைப் பார்க்கின்றோம். யந்திரம் பொறுத்துக்கொள்ளுகின்றது.

இப்படி எழுதினால் உடனே சில பண்டிதர்கள், "வெள்ளைக்காரன் பெட்டியைப் பெரிதாகச் சொல்லுகிறீர்களே, நம் சுசுருதர் 101 யந்திரங்களும் 20 சஸ்திரங்களும் சொல்லியிருப்பது உமக்குத் தெரியுமா?" என்று கிளம்புவார்கள். தெரியும். அந்தப் புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கின்றது. அதோடு, பிணத்தைக் கூட்டில் வைத்து ஓடும் நீரில் ஏழு நாள் ஊறப்போட்டுத் தோலைத் தேய்த்தெடுத்து உடம்பின் உள்ளமைப்பைக் கண்ணால் பார்த்தறிய வேண்டும் என்றும் அதில் இருக்கின்றது. நல்ல யோசனைதான். எழுதியவர் அறிவாளி என்றே சொல்லுவோம். ஆனால் நாம் கேட்பது, அந்த 121 கருவிகள் எங்கே? ஏட்டிலிருந்து கைக்கு ஏன் வரவில்லை? 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் பிணத்தைத் தொட்டு அறுத்தது ஊரெல்லாம் பேசுகின்ற அதிசயமாய் ஏன் ஆயிற்று?

விடை சாஸ்திரத்திலேயே இருக்கின்றது. மனுதர்மம் நான்காவது அத்தியாயத்தில், யார் யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியல் வருகின்றது. அதில் வைத்தியனும் ஒருவன். அவன் சோற்றைச் சீழுக்கு ஒப்பிட்டிருக்கின்றது. புண்ணைத் தொட்டு ஆற்றுகின்றவன் சோறு சீழாம். ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்து தட்சிணை வாங்குகின்றவன் சோறு பிரசாதமாம். இப்படிச் சட்டம் வைத்துள்ள தேசத்தில் கத்தி யார் கைக்குப் போகும்? படித்தவன் ஏட்டை வைத்துக்கொண்டு கத்தியைக் கீழே போட்டான். கீழே இருந்தவன் கத்தியை எடுத்துக்கொண்டான். அவனுக்கு ஏடு கிடையாது. ஏடு ஒரு வீட்டிலும் கத்தி ஒரு வீட்டிலுமாக ஆயிரம் வருஷம் குடியிருந்தால் வைத்தியம் எப்படி வளரும்?

இதற்கு ஓர் உதாரணம். 1793-ல் பூனாவுக்கு அருகில், மூக்கு அறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்துத் தைத்ததை இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அடுத்த வருஷம் லண்டன் பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்பவர் 1814-ல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். அது இன்று உலகமெங்கும் பரவியிருக்கின்றது. பூனாவில் அந்த மூக்கை வைத்தவர் சுசுருதம் ஓதிய பண்டிதரா? அல்ல. செங்கல் செய்கின்ற ஜாதிக்காரர். மூக்கு அறுபட்டவர் பெயர் இருக்கின்றது. மூக்கு வைத்தவருக்கு அந்தச் செய்தியில் ஜாதி இருக்கின்றது, பெயர் இல்லை. அவருடைய கத்தி எந்தப் பெட்டியிலும் இல்லை.

நம் தமிழ்நாட்டில் வேறுவிதமா? அம்பட்டர் என்றும் நாவிதர் என்றும் ஒதுக்கப்பட்ட வகுப்பாருக்கு மருத்துவர் என்கின்ற பெயர் சும்மா வந்ததல்ல. கட்டி அறுத்தவர்களும், எலும்பு கட்டியவர்களும் அவர்கள். அவர்கள் வீட்டு ஸ்திரீகளே ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பூமிக்குக் கொண்டு வந்தவர்கள். பிள்ளை வெளியே வருகின்ற வரையில் அந்த அம்மாளுடைய கை வேண்டும். வந்த பிறகு அந்த அம்மாள் கொல்லைப்புறமாகப் போக வேண்டும். வீட்டைக் கழுவிவிட வேண்டும். மேல்நாட்டிலும் நாவிதர்தான் ரண வைத்தியர். லண்டனில் 1540-ல் நாவிதரும் ரண வைத்தியரும் ஒரே சங்கமாயிருந்தார்கள். 1745-ல் பிரிந்தார்கள். 1800-ல் ரண வைத்தியர் சங்கம் ராஜாங்கப் பட்டயம் பெற்ற கல்லூரியாக ஆயிற்று. பிரான்சில் அம்புரோஸ் பாரே என்கின்ற நாவித வைத்தியர், லத்தீன் பாஷை தெரியாதவர், தாய்ப்பாஷையில் புத்தகம் எழுதினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணைச் சுடுவதற்குப் பதில் ரத்தக் குழாயை நூலால் கட்டலாம் என்று காட்டினார். லத்தீன் படித்த பண்டிதர்கள் அங்கேயும் கூச்சல் போட்டார்கள். ஆனால் பாரேயின் தொழில் கல்லூரிக்குள் போயிற்று. நம் ஊர் மருத்துவரின் தொழில் சேரிக்குப் பக்கத்துத் தெருவிலேயே நின்று, கடைசியில் க்ஷவரக் கத்தி ஒன்றுதான் மிச்சமாயிற்று. இரண்டிடத்திலும் கத்தி ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், அங்கே தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கற்கலாம், இங்கே வயிற்றில் கற்க வேண்டும்.

இதனால் நம் மருத்துவச்சி செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. துருப்பிடித்த கத்தியால் கொடியை அறுத்து, சாணமும் சாம்பலும் வைத்து, எத்தனையோ சிசுக்கள் ஏழாம் நாள் இசிவு கண்டு செத்தன. ஆனால் வெல்வெட்டுப் பெட்டி வைத்திருந்த லண்டன் டாக்டரும் அதையே வேறு விதமாகச் செய்தார். அவருக்கு லிஸ்டர் வந்தார். நம் மருத்துவச்சிக்கு வெகுகாலம் ஒருவரும் வரவில்லை. வந்தவர்களுள் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவரும் இந்தப் புதுக்கோட்டைச் சீமையிலேயே 1886-ல் பிறந்தவர். தேவதாசி குலத்தில் பிறந்த தாய்க்கு மகளாய் வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் தேறிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். அந்தக் கல்லூரியில் அவர் கையில் பிடித்த கத்திக்கு எந்த ஏட்டிலும் அனுமதி கிடையாது.

இனி நம் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். கட்டுமாவடியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் மல்லிப்பட்டினத்திற்கு அருகே மனோரா என்கின்ற எட்டடுக்குக் கோபுரம் நிற்கின்றது. தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி ராஜா, நெப்போலியனை இங்கிலீஷ்காரர் ஜெயித்ததற்காக 1814-ல் எழுப்பினார் என்று அங்கே கல்வெட்டு சொல்லுகின்றது. எவனோ எவனையோ எங்கேயோ ஜெயித்ததற்கு நம் குடியானவன் வரியில் கோபுரம்! ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜனங்கள் போய்ப் படம் பிடித்துக்கொள்ளுகின்றார்கள். ஆனால் அதே ராஜா வேறொரு காரியம் செய்தார். அதைப் பார்க்க ஒரு கூட்டமும் போவதில்லை. ராஜ்யம் கம்பெனிக்காரனிடம் போன பிறகு, கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு புத்தகமும் கருவியும் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்று வைத்தியசாலை வைத்தார். கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் படம் வரைந்து, இன்ன தேதியில் இன்னாருக்கு இன்ன கோளாறு, இப்படிச் சிகிச்சை, இப்படி முடிந்தது என்று இங்கிலீஷில் எழுதப்பட்டு, இன்றும் சரசுவதி மகால் புத்தகசாலையில் இருக்கின்றன. ராஜாவே அறுத்தார் என்பாரும் உண்டு. அவரிடமிருந்த டாக்டர் மெக்பீன் அறுத்தார் என்பாரும் உண்டு. அது நமக்கு முக்கியமில்லை. நோயாளிக்கு இப்படி முடிந்தது என்று எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். ஸ்தல புராணத்தில் குருடன் கண் பெற்ற கதை ஆயிரம் இருக்கின்றது. கண் பெறாதவன் கதை ஒன்றாவது இருக்கின்றதா? இந்தக் காகிதங்களில் தேறியதும் தேறாததும் எழுதக்கூடிய இடம் இருக்கின்றது.

மற்றொருவர், சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் தலைவராயிருந்த கர்னல் எலியட். அந்த ஆஸ்பத்திரி 1819-ல் ஏற்பட்டது. நம் கிராமங்களில் ஊர் ஊராய்ச் சுற்றும் கண் வைத்தியர்கள், ஊசியால் கண்ணுக்குள் இருக்கும் புரையைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அந்த நிமிஷமே பார்வை தெரியும். வீட்டார் காலில் விழுந்து பணம் கொடுப்பார்கள். வைத்தியர் மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சில நாளோ சில மாதமோ கழித்துக் கண் வீங்கி, சீழ்பிடித்து, அடியோடு போய்விடும்; அப்பொழுது பழி பூர்வ ஜன்மத்தின் மேல் விழும். எலியட் அப்படிக் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து, அறுத்துப் பார்த்து, ஊசி எங்கே நுழைந்தது, எதைக் கிழித்தது என்று லண்டனில் பிரசங்கம் செய்து புத்தகமாகவும் போட்டார். மண்டையில் துளைபோடும் அந்த வட்ட ரம்பத்தையே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கி, கண்ணில் நீரழுத்தம் தணிக்கும் சிகிச்சையை 1909-ல் செய்து காட்டியவரும் அவரே. கட்டுமாவடிப் பெட்டியில் இருப்பது பெரிய அண்ணன். எலியட் செய்தது சின்னத் தம்பி.

வேடிக்கை என்னவென்றால், இந்த எலியட் சீமைக்குப் போன பிறகு மாயவித்தைக்காரர் சங்கத்தில் சேர்ந்து, இந்தியாவில் கயிற்றை ஆகாயத்தில் நிறுத்திப் பையனை ஏறவிடுகின்ற வித்தை உண்டு என்று சொல்லுகின்றவர்கள் அதைத் திறந்த வெளியில் செய்து காட்டினால் 500 கினி தருவதாக 1934-ல் விளம்பரம் செய்தார். அதை வாங்கிக்கொண்டு போனவர் ஒருவருமில்லை. அவர் வெள்ளைக்கார அதிகாரி, நம்மவரை இளக்காரமாகவே பேசியிருப்பார் என்று சிலர் சொல்லலாம். அப்படியே இருக்கட்டும். கெட்டுப்போன கண் ஜாடியில் இருந்ததே, அதற்கு என்ன பதில்? எழும்பூர் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை இருக்கின்றது. சென்னைக்குப் போகும் தோழர்கள் சினிமாவுக்குப் போகுமுன் அதைப் பார்க்க அனுமதி கேட்டுப் பார்க்கட்டும்.

சேர்த்து வைப்பது என்றால் இப்படிச் சேர்க்க வேண்டும். சீமையில் வெல்கம் என்ற மருந்து வியாபாரி, பணத்தைக் கொட்டி உலகத்து வைத்தியச் சாமான்களை லட்சக்கணக்கில் வாங்கிக் குவித்தார். பைரா மால் என்ற இந்திய டாக்டரையே இந்தியாவுக்கு அனுப்பி வாங்கினார். 1936-ல் அவர் சாகும்பொழுது பிரிக்காத பெட்டிகளே ஏராளம். அப்படிக் குவிப்பதும் ஒருவிதப் பைத்தியம் என்றே சொல்லுவோம். ஆனால் அதிலும் ஒரு நன்மை, இன்று அவை பொதுக் காட்சிசாலையில் இருக்கின்றன. நம் சாமான்களோ காரைக்குடி வியாபாரியிடம் போய், பித்தளை தனியே மெருகேறி, கத்தி தனியே பழைய இரும்பாகி, பெட்டி பம்பாய்ச் சீமான் வீட்டில் சுருட்டு வைக்கும் பெட்டியாகின்றது.

ஆகையால் கட்டுமாவடித் தோழருக்கும் அவரைப்போன்றவர்களுக்கும் நாம் சொல்லுவதாவது: விற்க வேண்டாம், பூசையும் வேண்டாம். மேலே உள்ள சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். கத்திகளைக் கையுறை போட்டு எடுத்துத் துரு ஏறாமல் லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். சாணை பிடிக்க வேண்டாம். வெல்வெட்டைக் கழுவ வேண்டாம். உப்புக் காற்று ஊர் ஆகையால் தரையில் வைக்க வேண்டாம். கத்தியின் அடியில் செய்தவன் பெயர் பொறித்திருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். பாட்டனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பலேறினார், யாருக்குக் கட்டுப் போட்டார் என்று வீட்டில் வயதானவர்கள் உயிரோடிருக்கும்பொழுதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பெட்டியோடு வையுங்கள். எழுத்தில்லாத பெட்டி பொம்மைக்குச் சமானம். பிறகு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வருஷத்திற்கு ஒரு நாள், ஆயுதபூசைக்கு முந்தின நாளாய் இருந்தால் மிகவும் நலம், பூட்டைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டி, இந்த வெல்வெட்டை ஏன் கழித்தார்கள் தெரியுமா என்று கேளுங்கள். வீட்டில் வைக்க முடியாவிட்டால் திருக்கோகர்ணத்தில் 1910-ல் ஏற்பட்ட புதுக்கோட்டைக் காட்சிசாலை இருக்கின்றது. 2017 முதல் புதுக்கோட்டையில் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றது. ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அதோடு மகாகனிப் பெட்டியை மாத்திரம் தேடாதீர்கள். உங்கள் ஊரில் மருத்துவர் தெருவில் தோல் பையில் சுருட்டி வைத்த கத்தி, கட்டி கீறும் ஊசி, எலும்பு கட்டும் மூங்கில் தப்பை, மருத்துவச்சி அம்மாள் வைத்திருந்த கத்தரிக்கோல் ஏதாவது மிச்சமிருக்கும். அதைக் கேட்கப் போகின்றவர் வாசல் வழியாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்க வேண்டும். ஊரில் அந்த அம்மாள் கையால் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, அந்த அம்மாளுடைய பெயரை முதல் வரியில் எழுதி வையுங்கள்.